வளரி கற்பித்த பிரதானி

கடல் கடந்து மலாய் நாட்டிற்குச் சென்று மீண்ட நம்மவர், அந்நாட்டுக் காட்சிசாலைகளிற் கண்ட பொருள்களைப் பற்றிப் பேசத் தொடங்குவாராயின், முதற்கண் எடுத்துரைப்பது கிரிஸ் என்னும் குத்துவாளையே. பேராக் நாட்டுத் தைப்பிங் நகரில் 1883-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பழைய காட்சிசாலை முதலாகச் சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகரங்களின் காட்சிசாலைகள் ஈறாக, அவ்வாள் இடம்பெறாத இடம் அரிது. அதன் அலகு சிலவற்றில் நேராகவும், பலவற்றிற் பாம்பு ஊர்ந்தாற்போல வளைந்து வளைந்தும் இருக்கும். வளைவுகளின் தொகை ஒற்றைப்படையாகவே அமையும். இரட்டைப்படையாக அமைத்தல் அந்நாட்டுக் கொல்லர் மரபன்று. வெவ்வேறு வகை இரும்பைத் தகடு தகடாக அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதால், அலகின்மேல் நீரோட்டம் போன்ற கோலங்கள் தோன்றும். எலுமிச்சஞ்சாறும் பாஷாணமும் கொண்டு கழுவி அக்கோலங்களை விளங்கச் செய்வர். தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வழிவழியாக வருவதும், வீட்டில் ஓர் உயிர்ப்பொருளைப்போல மதித்துக் காக்கப்படுவதும் அவ்வாளின் இயல்பாம்.

அத்தகைய பொருள் கண்ணாடிப் பேழைக்குட் புகுந்த பின்னர் அதன் நிலை வேறாகிவிடுகின்றது. பக்கத்திலே ஒரு சிறு சீட்டு. அதில் ஊர்ப்பெயர், ஏறத்தாழக் காலம், உலோகத்தின் வகை, வளைவுகளின் தொகை. அவ்வாளை அரையிற் செருகியவன் யாவன், எவன்பொருட்டு அதனை உருவினான், யாரிடம் அதனைக் கற்றான் என்னும் வினாக்களுக்குச் சீட்டு விடை கூறுவதில்லை. காண்போரும் வேலைப்பாட்டை வியந்து அடுத்த பேழைக்குச் செல்வர். இது மலாய் நாட்டுக் குத்துவாளுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. நம் மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே பிறந்து, நம் முன்னோர் கையிலே சுழன்ற ஓர் ஆயுதத்திற்கும் இதுவே நேர்ந்தது. அதுதான் வளரி. ஆயின் இதன் வரலாற்றில் ஒரு சிறப்பு உண்டு. இதனைக் கற்பித்தவர் இன்னார், கற்றவர் இன்னார், கற்ற இடம் இன்னது, ஆண்டு இன்னது என்று நாம் ஐயமின்றிக் கூறத்தக்க ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கற்பித்தவர் சிவகங்கைச் சீமையின் பிரதானி சின்ன மருது. கற்றவர் அவரைப் பின்னர் வேட்டையாட வந்த படையிலே ஓர் ஆங்கிலத் துரை. அவ்விருவரையும் முன்னிட்டே சின்ன மருதுவின் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வளரியைக் காணாதார்க்கு அதன் வடிவத்தை முதலிற் சொல்லுதல் வேண்டும். பிறைபோல வளைந்த குறுந்தடி அது; வளைதடி எனவும் பெயர் பெறும். வைரம் பாய்ந்த மரத்தாற் செய்வது பெரும்பான்மை; இரும்பாற் செய்வதும் உண்டு. ஒரு தலை கனத்தும் மற்றொரு தலை மெலிந்தும் இருக்கும், புறவிளிம்பு கூர்மையாக்கப்பட்டிருக்கும். மெலிந்த தலையைக் கையிற் பற்றித் தோளுக்குமேற் சில முறை சுழற்றி, வேகம் ஏறிய பின்னர்க் குறிநோக்கி வீசுவர். ஆஸ்திரேலிய நாட்டு மக்கள் எறியும் தடி வீசியவனிடமே திரும்பி வரும் என்று சிறுவர் கதையிற் படித்த நாம், வளரியும் அவ்வாறே திரும்பும் என எண்ணிவிடுதல் கூடாது. முயலையோ மனிதனையோ ஒரே வீச்சில் வீழ்த்துதற்கென்று அமைந்த கனத்த தடிக்குத் திரும்பிவரும் விளையாட்டு எதற்கு? எறிதடி பல நாட்டார்க்கும் பொதுவானது. எகிப்து தேசத்திலே 1922-இல் திறக்கப்பட்ட துதங்காமன் என்னும் அரசனது கல்லறையிலும் எறிதடிகள் கிடைத்தன. அவற்றையும், ஆஸ்திரேலியருடைய தடிகளையும், நம் நாட்டு வளைதடிகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தவர் பிட் ரிவர்ஸ் என்னும் ஆங்கிலச் சேனாதிபதி. அவர் பெயரால் 1884-இல் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு காட்சிசாலை ஏற்பட்டது.

சென்னை எழும்பூர்க் காட்சிசாலைக்குத் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து மூன்று வளரிகள் வந்து சேர்ந்தன. ஒன்று மரத்தாலாயது, இரண்டு யானைத் தந்தத்தாலாயவை. தந்த வளரி போர்க்களத்திற்கு உரியது ஆகுமா என்பது நமக்கு ஐயமே. அரசர் கொலுவிலே கையில் ஏந்துதற்கு அது தகும். ஓடுகின்ற பகைவன் காலை முறித்தற்கு மரமும் இரும்புமே தகும். அக்காட்சிசாலையின் தலைவராயிருந்த தர்ஸ்டன் என்பார் இவ்வாயுதத்தைப் பற்றி வினவியபொழுது, புதுக்கோட்டைத் திவான் விடை எழுதியனுப்பினார். வளரி வீசுவதில் வல்லவர் அச்சமஸ்தானத்தில் அப்பொழுதே ஒருவரும் இல்லை; முயலும் காட்டுக்கோழியும் வேட்டையாடச் சிலர் எடுப்பது மட்டும் உண்டு; பாளையக்காரர் போர்களில் அது பெரும்பங்கு கொண்டதாக ஊரார் கூறுவர்; கள்ளர் மறவர் இல்லங்களிற் பூசையறையிலே வைக்கப்பட்டு, ஆயுத பூசையன்று வெளியே எடுத்துத் துலக்கப்பெற்று, மீண்டும் தன் இடத்திலே உறங்குகின்றது என்பது அவர் எழுதியதன் சாரம். எலுமிச்சஞ்சாற்றாற் கழுவப்பெறும் கிரிஸும், ஆயுத பூசையன்று துலக்கப்பெறும் வளரியும் உடன்பிறந்தனபோலத் தோன்றுகின்றன அல்லவா? பாளையக்காரர் போரின் முடிவிலே புதுக்கோட்டைத் தொண்டைமான் படை கும்பெனியார் பக்கம் நின்று பொருதது என்பதையும், அப்போரின் ஆயுதத்திற்கு அப்புதுக்கோட்டையிலிருந்தே இரங்கற் குறிப்பு எழுதப்பட்டது என்பதையும் ஒருசேர நினைப்பார்க்கு ஒரு சிறு நகை தோன்றாமற் போகாது. மதுரைக்கு மேற்கேயுள்ள கள்ளர் நாட்டிலே மணவினையின்போது இரு வீட்டாரும் வளைதடியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தமையை, 1868-இல் மதுரைச் சீமையின் சரித்திரத்தை வெளியிட்ட நெல்சன் துரையும் எழுதியுள்ளார். கொல்லும் கருவியே உறவு கூட்டும் சாட்சியாகவும் இருந்தது என்க.

நிற்க. இனி மருதுவின் பிறப்பைக் கூறுவோம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில் நரிக்குடி என்று ஓர் ஊர் உண்டு. அப்பகுதியிலே உடையார் சேர்வை என்பார்க்கும் பொன்னாத்தாள் என்பார்க்கும் 1748-இல் ஒரு மகனும், 1753-இல் மற்றொரு மகனும் பிறந்தனர். மூத்தவர் பெரிய மருது. வெள்ளை மருது எனவும் வழங்கப்பெற்றார். இளையவர் சின்ன மருது. இளமையிலேயே இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதத் தேவரிடம் ஊழியத்தில் அமர்ந்தனர். சின்ன மருதுவுக்குக் கிடைத்த வேலை வெற்றிலைப் பை சுமக்கும் அடைப்பக்காரன் வேலை. பிற்காலத்தே கும்பெனி அதிகாரிகள் அவரை இகழ வேண்டிய இடமெல்லாம் இவ்வேலையை எடுத்துக்காட்டத் தவறியதில்லை. அரசனது நிழல்போல இரவும் பகலும் அருகில் நிற்பவனுக்கே அவ்வேலை தரப்படும் என்பதையோ, நஞ்சிடப்படாத வெற்றிலையை அரசன் நம்பி வாங்கும் கை அஃது என்பதையோ அவர்கள் எண்ணினாரல்லர்.

1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. முத்துவடுகநாதர் அங்கே மாண்டார். அரசி வேலு நாச்சியாரையும் இளம்பெண்ணையும் மருது சகோதரர் மேற்கே திண்டுக்கற் பக்கத்திலுள்ள விருப்பாட்சிக்குக் கொண்டு சென்றனர். ஐதர் அலியின் ஆதரவில் எட்டாண்டு அவர்கள் அங்குக் காத்திருந்தனர். எட்டாண்டு என்று எழுதுதல் எளிது. அரசனை இழந்து, நாட்டை இழந்து, பிறர் கொடுத்த சோற்றை உண்டு, ஒரு விதவையின் உரிமையை விடாமற் பிடித்துக்கொண்டிருந்த அவ்வெட்டாண்டே மருதுவின் மனவலியைக் காட்டும் என்பது நம் கருத்து. 1780-இல் ஐதரது உதவியோடு திரும்பி வந்து சீமையை மீட்டனர். அரசுரிமை வேலு நாச்சியாருடையதாயிற்று. படைத்தலைமை பெரிய மருதுவினுடையதாயிற்று. பிரதானியாகி ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் சின்ன மருது.

அதிகாரம் மெல்ல மெல்ல அரசகுடும்பத்தாரின் கையினின்று நழுவி மருதுவின் கைக்கு வந்தது என்பதை மறைத்தற்கில்லை. 1796-இல் வேலு நாச்சியார் காலமான பின்னர் அரசர் எனப் பெயர் கொண்டவர் அவருடைய மருமகன். ஆணையோ சிறுவயலிலிருந்து வந்தது. உரிமையுடையோர் சிலர் உள்ளம் புழுங்கினர். அப்புழுக்கம் பிற்பாடு கும்பெனியார்க்கு நன்கு பயன்பட்டது. மருதுவின் புகழ் பாடுவோர் இதனைச் சொல்லாமல் விடுவர். சொல்லிவிடுதலே நன்று. ஆயினும் அவ்வதிகாரத்தை அவர் எவ்வாறு செலுத்தினார் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். காளையார்கோவிலின் விண்ணளாவிய கோபுரம் மருது சகோதரர் எழுப்பியது. குன்றக்குடி முருகன் கோவிலிலும் அவர்கள் திருப்பணி உண்டு. நம்மனோர் குறித்துக்கொள்ளத்தக்க செய்தி மற்றொன்று. சருகணியிலுள்ள கத்தோலிக்க தேவாலயத்திற்கும் அவர்கள் மானியம் விட்டனர். அவ்வூர்த் தேர்த்திருவிழாவிலே அவர்கள் பெயர் பேசப்படுகின்றது.

இனி வளரிக்கு வருவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்பார் சென்னைக் கும்பெனிப் படையிற் சேர்ந்து மதுரைக் கோட்டையிலே பணிபுரிந்த இளந்துரை. 1775-இற் பிறந்தவர்; எனவே 1795-இல் அவர்க்கு வயது இருபதே. நம் கல்லூரி மாணவர் பலரது வயது அது. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்திலே சிவகங்கைச் சீமை வழியே சென்றபொழுது, சிறுவயலிற் சின்ன மருதுவைக் கண்டார். அரண்மனை சிறுவயல் என்று இன்றும் அவ்வூர் வழங்குகின்றது. அரண்மனை போயும் பெயர் நின்றது. வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் இராணுவ நினைவு நூலிலே அச்சந்திப்பை விரிவாக எழுதியிருக்கின்றார். அவர் கண்ட மருது கருநிறத்தவர்; பருத்த உடலும் அழகிய முகமும் இனிய பழக்கமும் உடையவர். தலையசைப்பே கட்டளையாகக் கொள்ளும் குடிகளுக்குத் தலைவராயிருந்தும், அவர் மாளிகையில் ஒரு காவலன்கூட இல்லை. விரும்பியவர் எவரும் உள்ளே வந்தனர், வெளியே சென்றனர். வந்தவர் யாவரும் அவரை வாழ்த்தினர். கும்பெனிச் சிப்பாய்களும் கோட்டை வாயில்களும் சூழ வாழ்ந்த இளைஞர்க்கு இக்காட்சி எத்துணை வியப்பை விளைத்ததென்பதை, முப்பத்தைந்து ஆண்டு கழிந்த பின்னரும் அவர் அதனை மறவாது எழுதியமையே காட்டும்.

வழிப்போக்காக நேர்ந்த அச்சந்திப்பு நட்பாக முதிர்ந்தது. வெல்ஷ் மதுரையில் இருந்த காலமெல்லாம் சிறுவயலிலிருந்து நேர்த்தியான அரிசியும் பழங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றுள் தோல் கரடுமுரடான, மிக இனிப்பான ஒருவகைப் பெரிய நாரத்தை இனப்பழத்தை அவர் தனியே நினைவுகூர்கின்றார். அத்தகைய பழத்தை இந்தியாவில் வேறெங்கும் காணவில்லையாம். வைகைக் கரையிலிருந்து கிழக்கே அக்காட்டுச் சீமையிலே அப்பழம் எங்கே விளைந்ததோ!

அரிசியும் பழமும் மட்டுமன்று மருது தந்தவை. வேல் எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்பித்தவர் அவரே. வல்லவன் கையிலிருந்து புறப்பட்ட வளரி நூறு கஜத்திற்குள் எவ்விடத்தும் குறி தப்பாது என்றும், அப்பக்கத்திற்கு அப்பால் அவ்வாயுதத்தை அறிந்தவர் அரியர் என்றும் அம்மாணவர் எழுதி வைத்தார். நாம் அக்காட்சியைச் சற்று மனத்தில் வைத்துப் பார்ப்போமாக. நாற்பது வயது கடந்த பிரதானி. இருபது வயதுச் சிவந்த மேனியான். எந்தப் படைக்கு எதிராக அவ்வாயுதத்தைத் தம் மக்கள் பிடித்தனரோ, அப்படையைச் சேர்ந்தவனுக்கே அவர் அதன் மறைவை வெளியிட்டார். இஃது அறியாமையா? எட்டாண்டு அகதியாயிருந்து கும்பெனியின் கையை நன்கு உணர்ந்த ஒருவரை அறியாதவர் என்று கூறல் பொருந்தாது. கேட்டவனுக்குக் கற்பித்தல் என்னும் இயல்பு அவர்க்கு இருந்தது என்று கொள்வதே எமக்குத் தக்கதாகத் தோன்றுகின்றது. தமையனார் பெரிய மருதுவோ வேட்டையிலே காலம் கழித்தவர். ஆர்க்காட்டு ரூபாயை விரல்களாலேயே வளைக்கும் வலியுடையவர் என்று வெல்ஷ் கூறுகின்றார். ஆளும் சுமையை அவர் தம்பியிடமே விட்டிருந்தார்.

ஆறாண்டு சென்றது. அதற்குள் நாட்டின் நிலை மாறிவிட்டது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையங்களில் வரி தண்டும் உரிமை நவாபிடமிருந்து கும்பெனியார்க்கு வந்தது. 1799 அக்டோபரில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் 1801 பிப்ரவரியிலே தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாளில் மண்ணால் மீண்டும் எழுப்பிப் பொருது, மே மாதம் 24-ஆம் நாள் அதனை இழந்தார். காயங்களோடு வந்த அவர்க்குக் கும்பெனியார்க்கு அஞ்சி எவரும் புகல் தர முன்வராத அவ்வேளையிலே, சிறுவயலின் காவலற்ற வாயில் திறந்திருந்தது. ஊமைத்துரையை ஒப்படைத்திருப்பாராயின் மருதுவின் பிரதானிப் பதவி நிலைத்திருக்கக்கூடும். அவர் மக்கள் சுகமாக வாழ்ந்திருக்கக்கூடும். அவர் ஒப்படைக்கவில்லை. அவர் சரிதத்தின் திருப்பம் இவ்விடத்தே உள்ளது. இதற்குப் பின் நிகழ்ந்தவையெல்லாம் இவ்வொரு மறுப்பின் விளைவாம்.

1801 ஜூன் மாதம் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் மாளிகைச் சுவரிலும், திருவரங்கம் பெரிய கோவில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. சின்ன மருதுவின் பெயரால் வந்த அவ்வறிக்கை சிவகங்கையார்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. சம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியார்க்கும், முகம்மதியர்க்கும், கும்பெனிப் படையிற் கூலிக்கு நிற்கும் சிப்பாய்கட்கும் எழுதப்பட்டது. நவாபின் பேதைமையால் அயலார் வஞ்சகமாக நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதும், தம்முள் ஒற்றுமையின்மையே அதற்கு இடந்தந்தது என்பதும், எவ்வூரில் அவர்களைக் கண்டாலும் எதிர்க்க வேண்டும் என்பதும் அதன் பொருள். நடை மிகக் கடுமையானது. வசைமொழியும் நிரம்ப உண்டு. ஆயினும் தென்னாட்டின் ஒரு மூலையிலிருந்த பிரதானி, தம் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒரு தேசத்தை மனத்திற்கொண்டு அவ்வாண்டிலே எழுதினார் என்பது சிறிய செய்தியன்று. திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலாகப் பலரும் அவரோடு அக்கிளர்ச்சியிற் கலந்திருந்தனர்.

கும்பெனியாரும் விடை கொடுத்தனர். படைத்தலைவர் அக்னியூ துரை ஜூலை மாதம் வெளியிட்ட அறிக்கையில், மருது சகோதரர் அரசமரபினர் அல்லர், அரசர்க்கு ஊழியம் செய்தவரே என்று குடிகளுக்கு நினைவூட்டப்பட்டது. ஜூலை இறுதியிற் படை சிறுவயலை அடைந்தது. பகைவன் கையிற் சேராதிருக்கும்பொருட்டு ஊரார் தம் ஊருக்குத் தாமே தீயிட்டனர். வெல்ஷ் அப்படையிலே இருந்தார். ஆறாண்டுக்கு முன் எவரும் புகலாம் என்று திறந்திருந்த மாளிகை, வேல் எறியக் கற்ற முற்றம், யாவும் சாம்பராகக் கிடந்தன.

சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு இடைப்பட்டது அடர்ந்த முட்காடு. அக்காட்டை வெட்டி வழி செய்து பீரங்கியோடு செல்லக் கும்பெனிப் படை ஒரு மாத காலம் முயன்றது. ஒவ்வொரு நாளும் சில நூறு கஜம் வெட்டுவது, மறைவினின்று வேலும் குண்டும் வருவது, ஆட்கள் வீழ்வது, மறுநாளும் அவ்வாறே. முட்செடியும் வெயிலும் நோயும் மருதுவின் பக்கம் நின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது. காட்டினால் வெல்ல முடியாததைக் கும்பெனியார் வேறு வழியால் வென்றனர். படமாத்தூர்க் கௌரிவல்லபத் தேவரை அம்மாதமே சோழபுரத்திலே சிவகங்கைக்கு உரியவர் என்று முடிசூட்டினர். பழைய அரசகுடும்பத்தின்மேல் அன்புடைய குடிகள் பலர் அவர் பக்கம் சாய்ந்தனர். முன்னர் நாம் கூறிய புழுக்கம் இவ்விடத்திற் பயன் தந்தது. அக்டோபர் முதல் நாள் பல முகமாகப் படைகள் நெருங்கிக் காளையார்கோவிலைப் பிடித்தன. மருது சரணடையாவிடிற் கோபுரத்தை இடிப்போம் என்று கும்பெனியார் அச்சுறுத்தினர் என்றும், தாம் எழுப்பிய கோபுரத்தைக் காக்கவே அவர் வெளிப்பட்டார் என்றும் அப்பக்கத்தார் கூறுவர். அஃது ஊர்வழக்கு. கோபுரம் நின்றது என்பது மட்டும் கண்கூடு.

காட்டிலே மறைந்து திரிந்த சின்ன மருது தொடை எலும்பு முறிந்து, சாதாரணச் சேவகர் கையிலே அகப்பட்டார். முறிந்த காலோடு சிறையிற் கிடந்தார். 1801 அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் திருப்பத்தூரிலே அவரும், தமையனாரும், மைந்தரும் உறவினரும் தூக்கிலிடப்பட்டனர். அவர் வயது நாற்பத்தெட்டு. வெல்ஷ் அதனைக் கண்டார். தமக்கு வளரி கற்பித்தவரை ஒரு காட்டு விலங்கைப்போலத் துரத்தவும், தூக்குமரத்திற் காணவும் போரின் விதி தம்மைக் கட்டாயப்படுத்தியதென அவர் நொந்து எழுதியிருக்கின்றார். அவர் செய்ததை மாற்ற அவ்வெழுத்தால் இயலாது. ஆயினும் கும்பெனியின் கடிதக் கட்டுகளிலே கலகக்காரன் என்று மட்டும் பதிந்திருக்கும் ஒருவர், பழம் அனுப்பிய நண்பராகவும் ஆயுதம் கற்பித்த ஆசானாகவும் நமக்குத் தெரிய வந்தது அப்பகைவரது எழுத்தினாலேயே என்பதை மறுத்தற்கில்லை. மருது சகோதரர் நினைவிடம் காளையார்கோவிலிற் கோவிலுக்கு எதிரே உள்ளது. ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் மக்கள் பெருந்திரளாக அங்குக் கூடுகின்றனர். 2004-இல் இந்திய அரசாங்கம் அவர்கள் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

போர் முடிந்த சில வாரங்களில், 1801 டிசம்பரிலே, சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவு ஓர் ஆணை பிறப்பித்தார். பாளையக் கோட்டைகள் இடிக்கப்படவும், குடிகள் ஆயுதங்களை ஒப்புவிக்கவும் அவ்வாணை வழிசெய்தது. வேலும் ஈட்டியும் போனவாறே வளரியும் வெளியுலகினின்று மறைந்தது. எஞ்சியவை பூசையறைக்கும் காட்சிசாலைக்கும் சென்றன. எனவே எழும்பூரிலோ ஆக்ஸ்போர்டிலோ ஒரு வளைதடியின் முன் நிற்பவர், அது பழமையினால் தானே வழக்கொழிந்தது என்று எண்ணிவிடலாகாது. அது வழக்கொழிக்கப்பட்டது, அதற்கு ஆண்டும் மாதமும் உண்டு.

இச்சரிதம் மலாய் நாட்டிலே தொடங்கியதற்குக் காரணம் ஒன்று உளது. சின்ன மருதுவின் மக்களுள் இளையவனான துரைசாமி தூக்கிற்குத் தப்பினான். அப்பொழுது அவனுக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து. அவனையும் வேறு எழுபது பேரளவினரையும் 1802 பிப்ரவரியிலே தூத்துக்குடித் துறையிற் கப்பலேற்றிப் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தினர். வேலு நாச்சியாரின் மருமகனான அரசரும் அக்கைதிகளுள் ஒருவர். தூத்துக்குடியில் அவர்களைக் காவல் காத்தவர், விதியின் செயலை என்னென்பது, வெல்ஷ் துரையே. அச்சிறுவனது பெருந்தன்மையைக் கண்டு இரங்கி, விலங்கின் துன்பத்தைத் தம்மாலியன்ற அளவு தணித்ததாக அவர் கூறுகின்றார்.

பினாங்கு அப்பொழுது கும்பெனியின் கைக்கு வந்து பதினாறே ஆண்டு ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகளைக் கொண்டு அங்கே பாதைகளும் கட்டடங்களும் அமைக்கப்பட்டன. மலாய் மக்களும், சீனரும், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்தின்பொருட்டுச் சென்ற சூலியரும் கலந்து வாழ்ந்த ஊர் அது. ஆடவர் அரையிற் கிரிஸ் செருகி நடந்த அத்தெருக்களில், வளரி கற்பித்தவரின் மகன் ஆயுதமின்றி வளர்ந்து ஆளானான். ஆண்டுகள் பதினாறு சென்றன.

1818-இல் வெல்ஷ் அத்தீவிற்குச் சென்றிருந்தார். அவர் தங்கியிருந்த மனைக்குள் ஒரு நாள் தளர்ந்து மெலிந்த ஒரு கிழவர் புகுந்து எதிரே நின்றார். யார் என்று துரை வினவினார். வந்தவர் தம் பெயரை மட்டும் சொன்னார்; துரைசாமி. அவ்வொரு சொல் தம் நெஞ்சிற் பாய்ந்த வேதனையை வெல்ஷ் மறைக்கவில்லை. முப்பது வயதை ஒட்டிய அம்மனிதரையே அவர் கிழவர் என்று எண்ணியிருந்தார். அவர் கேட்க வந்தது பணமுமன்று, விடுதலையுமன்று. ஊரில் எஞ்சியிருக்கும் தம் உறவினர்க்கு ஒரு கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடுமா என்பதே அவர் வேண்டுகோள். கைதிகளிடமிருந்து கடிதம் வாங்குதல் கும்பெனியின் கட்டளைக்கு மாறானது என்று கூறி வெல்ஷ் மறுத்துவிட்டார்.